குதிரை படுத்துக்கொண்ட சனிக்கிழமை

குதிரை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் படுக்காது. நின்றபடியே தூங்கி, நின்றபடியே கனவு கண்டு, நின்றபடியே காலையில் எழுந்துகொள்ளும் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பிழை. நின்றுகொண்டு கண்ணயரும், அது வாஸ்தவம். ஆனால் அசந்து தூங்க வேண்டுமானால் நம்மைப் போலவே காலை நீட்டிப் படுத்துவிடும். முதுகு அரித்தாலும் படுக்கும். சமயத்தில் தண்ணீரைக் கண்டாலே படுக்கும். இந்த உண்மை வெளியே தெரிவதால் உலகத்துக்குப் பெரிய நன்மை ஒன்றும் இல்லை. லிப்ட் ஆய்வாளர் ஒருவருக்கு மட்டும் சற்று முன்னதாகத் தெரிந்திருந்தால், ஒரு கைக்கடிகாரமும் கொஞ்சம் மரியாதையும் மிஞ்சியிருக்கும்.

ஆய்வாளருக்கு வேலை, ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்குவது. லிப்டின் கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு யாருடைய வேட்டியையாவது பிடித்துக்கொள்ளுமா என்று பார்த்து, 'இத்தனை பேர் ஏறலாம்' என்று சான்று கொடுப்பார். நல்ல வேலைதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் ஆய்வை நிறுத்துவதில்லை. மிக்ஸி ஓடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். ஊஞ்சலில் மாமியார் உட்கார்ந்தால் கொக்கியை அண்ணாந்து பார்ப்பார். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் இவர் டயரில் காற்று பார்க்கும் கருவியை வைத்திருந்தார். தினமும் காலையில் காருக்கு முன்னால் மண்டியிட்டு, நான்கு டயரிலும் அதைப் பொருத்திப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அதை ஒரு வழிபாடு என்று நினைத்தார்கள்.

அவர் மனைவி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். மனிதர்களில் இரண்டு காதும் ஒரே உயரத்தில் உள்ளவர்கள் அபூர்வம். யாருக்கு எந்தக் காது மேலே என்று பார்த்து, அவருக்கே தெரியாமல் கண்ணாடிச் சட்டத்தை வளைத்து மாட்டிவிடுவதுதான் அவள் தொழில். போகிறவர்கள் தங்கள் காது நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு போவார்கள்.

போன வருடம் அவள் கார் ஓட்ட உரிமம் வாங்கினாள். அன்றிலிருந்து அந்தக் காரை அவள் ஓட்டிய தூரம், வாசல்படியிலிருந்து கேட் வரை. கேட்டில் ஆய்வாளர் ஏறி, அவளை இடப்பக்கம் தள்ளி உட்கார வைத்துவிடுவார். அவள் கடைக்கு பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தாள், கண்ணாடிகள் நிறைந்த பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு. இருக்கை கிடைக்காத நாட்களில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

"சாவியைக் கொடுத்தா நானே எடுத்துட்டுப் போவேனே?"

"ஓட்டுறது வேற, வண்டியைக் கட்டுப்படுத்துறது வேற."

"எப்போ கொடுப்பீங்க?"

"தகுதி வந்ததும்."

"வந்துருச்சுன்னு யாரு சொல்றது?"

"ஆய்வு பண்ணி நான் சொல்றேன்."

இப்படியே பல மாதம் போயிற்று. ஒருநாள் கோணலாய்ப்போன கண்ணாடியோடு ஒருவர் அவள் கடைக்கு வந்தார். எப்படி வளைந்தது என்று கேட்டாள். குதிரையிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். ஊருக்கு வெளியே குதிரை லாயம் வைத்திருக்கும் ஒருவர், ஆட்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறாராம். தம்பதியாகப் போனால் ஒருவருக்கு ஜீப், ஒருவருக்குக் குதிரை. பாதி வழியில் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் பாதி கட்டாந்தரை, அடுத்த பாதி மணல்மேடு, கடைசியில் கடல். ஜீப்பை நாமே ஓட்டலாம். அவள் சட்டத்தை நிமிர்த்தியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் நிமிர்த்தினாள்.

இரவு சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தாள். ஆய்வாளருக்கு ஜீப் என்றதும் கண் விரிந்தது. குதிரை என்றதும் சுருங்கியது. குதிரைக்குச் சான்று கிடையாது, எத்தனை கிலோ தாங்கும் என்று எங்கும் எழுதியிருக்காது, அவசரத்துக்கு அழுத்தப் பொத்தான் இல்லை என்று வரிசையாகச் சொன்னார். அந்தப் பிராணியால் படுக்கக்கூட முடியாது, ஆயுள் முழுக்க நிற்கிறது, அத்தனை களைப்பில் இருக்கிற ஒன்றை நம்பி எப்படி ஏறுவது என்றும் கேட்டார். ஜீப்பை மட்டும் முழுத்தூரமும் தாமே ஓட்டுவதாக இருந்தால் வரத் தயார்.

"அப்போ எனக்கு ஜீப்பே கிடையாதா?"

"மணல்ல ஜீப் ஓட்டுறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? பெரிய பெரிய டிரைவருங்களே திணறுவாங்க. கடல் வரைக்கும் ஜீப்பைக் கொண்டு போய் நிறுத்துறவங்க யாரா இருந்தாலும், அவங்க கையில கண்ணை மூடிக்கிட்டு எந்த வண்டியையும் கொடுக்கலாம்."

"நம்ம காரையுமா?"

"நம்ம காரையும்தான்."

மனைவி தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும், இதையே மாடி வீட்டு வக்கீல் சார் முன்னால் ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டீயரிங் தம் கையில் இருக்கும்போது கடல் வரை போகப் போவது யார்? மாடிப்படியிலேயே நின்று, வக்கீலைக் கூப்பிட்டு, ஜீப்பைக் கடல் வரை கொண்டு சேர்ப்பவர் கையில் கார் சாவி என்று சத்தமாகச் சொன்னார். வக்கீல் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். அது போதும் என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை லாயத்துக்குப் போனார்கள். குதிரைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், அளந்து பேசுகிறவர். தகரக் கொட்டகையில் இரண்டு குதிரைகள் நின்றன. ஒன்று அவருடையது, வழிகாட்டி முன்னே போக. இன்னொன்று வருகிறவர்களுக்கு: வயிறு பெருத்த, சாம்பல் நிறக் குதிரை. அது ஆய்வாளரைப் பார்த்த பார்வையில் அவருக்கு இரண்டு காதும் சரியில்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி ஓர் அலட்சியம் இருந்தது. வெளியே மேல்கூரை இல்லாத பச்சை ஜீப்.

குதிரைக்காரர் மணலில் ஓட்டுவது பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மனைவி அருகில் போய்க் கைகட்டி நின்று கேட்டாள். ஆய்வாளர் கேட்கவில்லை. கியரையும் பிரேக்கையும் பற்றித் தமக்கு ஒரு குதிரைக்காரர் பாடம் நடத்துவதா என்று ஜீப்பைச் சுற்றி வந்து ஆய்வில் இறங்கியிருந்தார். மனைவி அவரிடம் வந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"என்னங்க, டயரெல்லாம் கொஞ்சம் தொளதொளன்னு இருக்காப்ல இல்ல?"

ஆய்வாளர் குனிந்தார். கருவியைப் பொருத்தினார். முள் காட்டிய இடத்தைப் பார்த்து அவர் முகம் சிவந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. நான்கிலும் இல்லை. உயிரோடு விளையாடுகிறார்கள் என்றார். இப்படி ஒரு லிப்டை ஓட்டியிருந்தால் இந்நேரம் பூட்டி முத்திரை வைத்திருப்பேன் என்றார். தம் கார் டிக்கியிலிருந்து கால்பம்பை எடுத்து வந்தார்.

அதே சமயத்தில் மனைவிக்குத் தன் குதிரையில் கால் வைக்கிற வளையம் நீளமாக இருப்பதாகத் தோன்றியது. குதிரைக்காரர் கொட்டகைக்குள் வந்து குட்டையாக்கினார். பிறகு அது ரொம்பக் குட்டையாக இருப்பதாகத் தோன்றியது. ஆய்வாளர் நான்கு டயரையும் கல்லு மாதிரி ஆக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்ட போதுதான் வளையம் அவளுக்குச் சரியாக அமைந்தது.

முதல் பாதி ஜம்மென்று போயிற்று. கட்டாந்தரையில் ஜீப் பறந்தது. ஆய்வாளர் குதிரைகளை முந்திக்கொண்டு போய், நிறுத்தி, அவை வந்து சேரும் வரை ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக் காத்திருந்தார். ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி அருகே மாற்றிக்கொள்ளும் இடம் வந்தது. அதற்கு அப்பால் மணல்மேடுகள். காற்றில் உப்பு வாடை.

"இனிமே மணல். நீ குதிரையிலேயே இரு," என்றார் ஆய்வாளர்.

"சரிங்க. நீங்களே ஓட்டுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

குதிரைக்காரர் ஜீப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், டயரு..." என்று தொடங்கினார்.

"டயரைப் பத்தி நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

குதிரைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தன் குதிரையின் காதைப் பார்த்தாள்.

முதல் மேட்டில் பாதி ஏறியதும் ஜீப் திணறியது. ஆய்வாளர் மிதித்தார். சக்கரம் சுற்றியது, ஜீப் நகரவில்லை. இன்னும் மிதித்தார். பின்னால் மணல் வாரி இறைந்தது. கீழே போகும் பொத்தானை யாரும் அழுத்தாமலேயே அந்த வண்டி நிதானமாகக் கீழே இறங்கியது. தரைத்தளத்தையும் தாண்டி இறங்கியது. கதவைத் திறந்து காலை வெளியே வைத்தபோது, ஏற வேண்டியிருந்தது.

மனைவி குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தாள். இறங்கிக் கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தாள். தெருவில் போகிறவர் பையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்வது போலக் கொடுத்ததால் அவரும் வாங்கிக்கொண்டார். பிறகுதான் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் கைப்பையைத் திறந்து, கண்ணாடித் திருகாணி முடுக்கும் ஊசி போன்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஒவ்வொரு டயராக உட்கார்ந்து, காற்றுப் போகும் வாயில் அதை அழுத்தினாள். நான்கு தடவை நீளமாக 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. காலையில் கால் வலிக்க அவர் அடைத்த காற்றெல்லாம் கடற்காற்றோடு போய்ச் சேர்ந்தது.

"என்ன பண்றே நீ? வண்டிக்கு ஆபத்து."

"டயரு தட்டையா இருந்தாத்தாங்க மணல்மேல மிதக்கும். கல்லு மாதிரி இருந்தா குழி தோண்டும்."

"யார் சொன்னது?"

"காலையில கொட்டகை வாசல்ல சொன்னாரே. நீங்க அப்போ ஆய்வுல இருந்தீங்க."

குதிரைக்காரரும் அவளும் சக்கரத்துக்கு முன்னாலிருந்த மணலைக் கையால் ஒதுக்கினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடி விஷயத்தில் அவளுக்குப் பிசகு கிடையாது. ஜீப் ஒரு முனகல் முனகி, மெல்ல எழுந்து, அவசரமே இல்லாமல் மேட்டில் ஏறியது.

ஆய்வாளர் கடிவாளத்தோடு பின்னாலேயே ஓடினார். "நிறுத்து, நானும் ஏறிக்கிறேன்."

ஜீப் நிற்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"நிறுத்த மாட்டாங்க சார்," என்றார் குதிரைக்காரர். "மணல்ல நிறுத்துனா மறுபடி மாட்டிக்கும். நேரே கடலோர ஈரத் தரையிலதான் நிறுத்தணும்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

"எப்போ சொன்னீங்க?"

"அம்மா முந்தாநாளே போன் பண்ணி எல்லாம் கேட்டுக்கிட்டாங்களே. காத்து எவ்வளவு இருக்கணும், எதுல அழுத்தி இறக்குறது, எல்லாம். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும், சொல்லாதீங்கன்னாங்க."

ஆய்வாளருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கடல் இன்னும் தூரம். மணல் சுட்டது. அவர் செருப்பில் ஒன்று ஜீப்பிருந்த குழிக்குள் போயிருந்தது. கடைசியில் அவர் சாம்பல் குதிரையில் ஏற வேண்டியதாயிற்று. ஏறினார் என்பதைவிட ஏற்றப்பட்டார் என்பது பொருத்தம். இது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டார். இதுவரைக்கும் அது ஒன்றும் சொன்னதில்லை என்றார் குதிரைக்காரர்.

குதிரை அவரைத் தொந்தரவு செய்யாமல்தான் நடந்தது. கடைசி மேட்டைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. ஈரத் தரையில் பச்சை ஜீப் கடலைப் பார்த்து நின்றது. அதன் பானெட் மேல் உட்கார்ந்து மனைவி ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் ஆய்வாளர் முதுகை நிமிர்த்தினார். தோற்றாலும் குதிரை மேலிருந்து தோற்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது அல்லவா? ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

குதிரை நேரே அலைக்குள் இறங்கியது. முழங்கால் தண்ணீரில் நின்று, முன்னங்காலால் தண்ணீரைத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

"சார், தட்டுது. சீக்கிரம் இறங்கிடுங்க. படுக்கப் போகுது."

ஆய்வாளருக்கு இவ்வளவு நேரம் கழித்து, தமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு விஷயம் கையில் கிடைத்தது. மனைவிக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"குதிரை படுக்காது. அது நின்னுக்கிட்டே தூங்குற பிராணி."

குதிரை படுத்தது.

அலை ஒன்று வந்து போன பிறகு ஆய்வாளர் தலை வெளியே தெரிந்தது. குதிரை பக்கத்தில் நான்கு காலையும் மேலே தூக்கி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்த கருவி கடலோடு போயிருந்தது. கைக்கடிகாரத்துக்குள் ஒரு சின்னக் கடல் நின்றது. மனைவி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து கை கொடுத்தாள்.

"எல்லாம் நீ பண்ணுன வேலை," என்றார் அவர், வாயிலிருந்த உப்பைத் துப்பிவிட்டு. "டயர்ல காத்து இல்லேன்னு நீதானே சொன்னே?"

"தொளதொளன்னு இருக்குன்னு சொன்னேன். அடிக்கச் சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தார். அடிக்கச் சொன்னதாக நினைவில்லை.

ஆரஞ்சில் பாதியைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். ஈரத் துணியோடு முன் இருக்கையில் உட்கார்ந்தால் உறை பாழாகிவிடும் என்பதால், திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அவரை உட்கார வைத்தாள். வீட்டு வாசலில் வக்கீல் நின்றுகொண்டிருந்தார். கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நிற்கும் வரை பார்த்துவிட்டு, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை காலையில் ஆய்வாளர் புதிதாக ஒரு கருவி வாங்கி வந்து, காருக்கு முன்னால் மண்டியிட்டு, நான்கு டயரிலும் காற்று பார்த்தார். சரியாக இருந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.