குன்னூர்க் கம்பளி ராயபுரத்தில் பட்ட பாடு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
1968 நவம்பர், கடைசி வாரம்.

அன்பும் மரியாதையும் உள்ள அடைக்கலமேரி சித்திக்கும் ஜார்ஜ் சித்தப்பாவுக்கும், உங்கள் அக்காள் மகள் ஃப்ளோரா முழந்தாளிட்டு எழுதும் கடிதம். முழந்தாளிட்டு என்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. நம் வீட்டு மேசைக்கு ஒரு கால் போய்விட்டது. தகரப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து மண்டியிட்டுத்தான் எழுதுகிறேன். இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். அப்பாவின் நாக்கு மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே உங்கள் சுகத்தையும், சித்தப்பாவின் மூட்டு வலியையும், மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பாத வெள்ளாடு கிடைத்ததா என்பதையும் அறிய ஆவல்.

சித்தி, இதுவரை நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை. நீங்கள் வந்தபோதெல்லாம் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன். இப்போது ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும்போது என்னையும் குன்னூருக்கு அழைத்துப் போய்விடுங்கள். ஆட்டைத் தேடித் தருகிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருந்துகொள்கிறேன். இனி ராயபுரத்தில் என்னால் தெருவில் நடக்க முடியாது. அதற்குக் காரணம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்ல எனக்குக் குரல் வராது. வகுப்பில் உட்கார்ந்திருந்துகொண்டே பாதி நாள் வராதவள் ஆகி, கடைசியில் எட்டாவதோடு நின்றே போனேன். இதைக் கேட்டுத்தானே ஆடி மாதம் கம்பளி நூலும் இரண்டு ஊசியும் பார்சலில் அனுப்பி, "இங்கே குன்னூரில் பெண்கள் டீக்கடையில் கூடி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறோம், ஃப்ளோராவும் நாலு பேரோடு உட்கார்ந்து பின்னட்டும், கூச்சம் போய்விடும்" என்று எழுதினீர்கள். அம்மா அந்தக் கடிதத்தை டாக்டர் எழுதிய சீட்டைப் போலத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பின்னத் தெரிந்தவர் நம் தெருவில் ஆங்கிலோ இந்திய டோரதி ஆன்ட்டி ஒருவர்தான். அவருடைய கணவர் ரயில்வே கார்டாக இருந்து காலமானவர். ஆனால் ஆன்ட்டி வீட்டில் கோழிகள் உட்கார்ந்த இடம் போக மனிதர் உட்கார இடம் கிடையாது. "குன்னூர்ல டீக்கடையில உக்காருவாங்களாம், நம்ம ராயபொரத்துல டீக்கடையா இல்ல?" என்று அம்மா கிளம்பிவிட்டார்.

கல்மண்டபம் பக்கத்தில் சௌக்கத் அலி பாய் கடை உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பின்பக்கம் திரை போட்ட ஓர் அறை, வாசலில் "ஃபேமிலி ரூம்" என்று பெயின்டில் எழுதியிருக்கும். கடை திறந்த நாளிலிருந்து எந்தக் குடும்பமும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை, சர்க்கரை மூட்டைதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அம்மாவும் ஆன்ட்டியும் மூட்டையை ஓரம் தள்ளி என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். டீ குடிக்க வந்த ஆம்பிளைகள் எல்லாம் திரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு மூட்டைக்குள்ளேயே போயிருப்பேன், வாய் தைத்திருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காசிமேட்டில் மீன் விற்கிற மங்கை அக்கா கூடையைத் திண்டில் சாய்த்துவிட்டு டீ கேட்க வந்தவர், திரையை விலக்கிப் பார்த்தார். "இன்னாங்கடி இது, ஆளுக்கு ரெண்டு குச்சி வெச்சிகினு வலை பின்றீங்க? எந்தக் கடல்ல போடப்போறீங்க?" என்றார். அம்மா, ஸ்வெட்டர் என்றார். "இந்த வேக்காட்டுல ஸ்வெட்டரா! எவன்டி போடுவான், பைத்தியம் புடிச்சவன்கூட போட மாட்டான்!" என்று சிரித்துவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆன்ட்டியின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். வலை பின்னிய கை அல்லவா, நாங்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர் முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். அதன் பிறகு ஒரு நாளும் தவறியதில்லை. அறை முழுக்க மீன் வாசனை. கம்பளிக்கும் ஏறிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சித்தி, அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது. ஆன்ட்டி தொடங்கும் முன் பள்ளிக்கூடம் போலப் பெயர் கூப்பிடுவார். நான் ஊசியைத் தூக்கிக் காட்டுவேன், அவர் "வெரி குட் மேன்" என்று (அவருக்குப் பெண்களும் மேன்தான்) அடுத்த பெயருக்குப் போய்விடுவார். கை ஓடிக்கொண்டிருந்தால் வாய் சும்மா இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அங்கே ஒருவரும் என்னைப் பேசு பேசு என்று படுத்தவில்லை. சாயங்காலம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அதைக் கெடுக்கத்தான் அப்பா வந்து சேர்ந்தார். உங்கள் மச்சான் சவரிநாதனுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்குவது வேலை, கேரம் ஆடுவது வாழ்க்கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கேரம் கோஷ்டிக்கு மழைக்காலத்தில் ஒதுங்க அந்த அறை வேண்டுமாம். பாயிடம் போய், "இன்னா பாய், நாங்க மழையில நனஞ்சிகினு ஆடுறோம், பொம்பளைங்க உள்ள குந்திகினு கம்பளி பின்றாங்க, ஞாயமா?" என்று கேட்டார். அம்மா திரைக்குள்ளிருந்தே, "நனஞ்சா இன்னா, கரைஞ்சா பூடுவ?" என்றார். அப்பாவுக்குப் பாய் மேல் ஏற்கெனவே ஒரு கோபம். மத்தியானம் பாய் பெரிய அலுமினிய கெட்டிலில் டீ ஊற்றி சைக்கிளில் மாட்டிக்கொண்டு துறைமுகம் கேட்டுக்குப் போய் விற்பார். கடல்காற்றில் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். "கடல் தண்ணிய மொண்டு குடுத்தாகூட இத்தவிட சூடா இருக்கும்" என்று அப்பா தினமும் சாயங்காலம் வந்து கத்துவார். இப்போது அறைச் சண்டையும் சேர்ந்துகொண்டது.

பாய் நல்ல மனிதர், இரண்டு பக்கமும் வாடிக்கை. தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "கிறிஸ்துமஸ் மாசம் பொறக்கற வரிக்கும் டைம் குடுக்கறேன்மா. நீங்க பின்னதைப் போட்டுகினு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, இந்தக் கடையில டீ குடிக்கணும். குடிச்சா ரூம் ஒங்களுது. இல்லாங்காட்டி கேரம் போர்டுக்கு." ராயபுரத்தில் ஸ்வெட்டர் போட ஆள் ஏது என்று கேரம் கோஷ்டி கைதட்டிச் சிரித்தது. மறுபடியும் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளைக் கண்டுபிடித்தது மங்கை அக்கா. காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்கிற எத்திராஜ் அண்ணன், ஷிஃப்ட் முடிந்து தோளில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்கொண்டு டீக்கு வருவார். "த பாருங்கடி, நம்ம ஆளு! இந்த ஊர்லயே குளுர்ல சாவறவன் இவன் ஒருத்தன்தான்!" என்று அவரை அறைக்குள் இழுத்து வந்தார். அளவெடுக்க வேண்டுமே, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மங்கை அக்கா, "கைய தூக்குடா எத்திராசு" என்று படகை அளப்பதுபோல முழம் போட்டார். அண்ணன் அகலம் அப்படி, ஒரு சுற்றுக்குள் அக்காவுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

ஆன்ட்டிக்கு முன்பக்கம், மங்கை அக்காவுக்கு முதுகு, அம்மாவுக்கு வலது கை, எனக்கு இடது கை என்று பிரித்துக்கொண்டோம். இடது கை அளவாக வந்தது. வலது கை வரவில்லை. அம்மா அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே பின்னுவார், பேச்சு முடிகிற வரை கையும் முடியாது. எத்திராஜ் அண்ணனின் விரல் நுனியையும் தாண்டிப் போனபோதுதான் ஆன்ட்டி அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மை காட் சிலுவை, போதும், புருஷனை மன்னிச்சிடு" என்று ஊசியைப் பிடுங்கினார். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தது நான். விரித்துப் பிடித்தபோது மீன்பாடி வண்டிக்கே போர்த்தலாம் போல இருந்தது. அவ்வளவு அழகு. கடைசி வேலை தன்னுடையது, தீர்ப்பு நாளன்றைக்குக் கொண்டு வருகிறேன் என்று மங்கை அக்கா அதை வாங்கிக்கொண்டு போனார். பித்தான் வைக்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

தீர்ப்பு நாள் போன சனிக்கிழமை. கேரம் கோஷ்டி முழுவதும் கடையில். எத்திராஜ் அண்ணன் தலை சீவி, சாக்கு இல்லாமல் வந்து நின்றார். மங்கை அக்கா பெருமையாகக் கூடையைத் திறந்து எடுத்தார். சித்தி, நான் எப்படிச் சொல்வேன்! கருஞ்சிவப்பாக, அட்டைபோல விறைத்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இறுக்கமாக இருக்கிற அளவில் ஒரு சாமான் வந்தது. நாங்கள் பின்னிய ஸ்வெட்டர்தான் அது. அவர்கள் வீட்டில் புது நூல்வலை எதை முடித்தாலும் பட்டைச் சாயத்தில் போட்டுக் கொதிக்க வைத்த பிறகுதான் கடலில் இறக்குவார்களாம், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகுமாம். அதே மாதிரி இதையும் அண்டாவில் போட்டு, அடியில் விறகு தள்ளி, ஒரு பகல் முழுக்கக் கொதிக்க விட்டிருக்கிறார். "போடும்போது பெர்சாதான் இருந்துச்சு. சாயம் நல்லா புடிக்கட்டும்னு இன்னும் கொஞ்சம் எரிச்சேன். இது இன்னா நூலுடி, கலீஜு நூலு, வெந்து சுருங்குது!" என்று அக்கா எங்களையே கோபித்துக்கொண்டார். எத்திராஜ் அண்ணன் பாவம், ஒரு கையை மட்டும் நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

அப்பா சிரித்த சிரிப்பு துறைமுகத்துக்கே கேட்டிருக்கும். "எடுடா போர்டை!" என்றார். மங்கை அக்காவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊசிகளைப் பையில் போட ஆரம்பித்தார். அப்போது திண்டின் மேல் அந்த அலுமினிய கெட்டில் இருந்தது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "பாய், அந்தக் கெட்டில குடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது. மங்கை அக்கா, "அடிப்பாவி, இதுக்கு வாய் கீது!" என்றார்.

கெட்டிலுக்கு ஸ்வெட்டரை மாட்டினேன். கழுத்து வழியே கைப்பிடி வந்தது. என்னுடைய இடது கை வழியே மூக்கு வந்தது, அளவெடுத்துத் தைத்தது போல. அம்மாவின் வலது கை சுருங்கியும் நீளம்தான், சுடுகிற கைப்பிடியில் அதைச் சுற்றிக்கொள்ளலாம். பாய் கெட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆளு போட்டுகினு டீ குடிக்கல. ஆனா டீயே போட்டுகினு நிக்குது. இதுக்கு இன்னா தீர்ப்பு சொல்றது?" என்றார். அப்பா விடவில்லை. "திங்கக்கெழம ஹார்பர் கேட்டாண்ட எடுத்தா. எனக்கு சூடா இருந்துச்சுனா ரூம் அவுங்களுக்கே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நடந்ததை எத்திராஜ் அண்ணன்தான் பார்த்துவந்து சொன்னார். அப்பா எப்போதும் ஆறிய டீயை அண்ணாந்து ஒரே மடக்காக ஊற்றிக்கொள்கிற பழக்கம். அதே பழக்கத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் நாக்கை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வீடு வந்தார். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ரூமு யாருக்கு?" என்று கேட்டார். பேச முடியாமல் அம்மாவையே விரலால் காட்டினார். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கண்டதே இல்லை.

அறை கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் என் கதி என்ன சித்தி? குழாயடியில் நின்றால் "கெட்டில் பொண்ணு" என்கிறார்கள். துறைமுகத்து ஆட்கள் சைக்கிளை நிறுத்தி, "இன்னாமா, டீ நல்ல சூடு!" என்கிறார்கள். நேற்றுக் காலைப் பூசை முடிந்து சாமியாரே கூப்பிட்டு, கோயில் கூஜாவுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். கூச்சம் போகட்டும் என்று கம்பளி அனுப்பினீர்கள், இப்போது கூச்சப்படவே எனக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. ஆகையால் தயவுசெய்து என்னை அழைத்துப் போய்விடுங்கள். துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

மாதா உங்கள் இருவரையும், வெள்ளாட்டையும், பனியிலும் சளியிலும் காக்கட்டும். சித்தப்பாவுக்கு என் தோத்திரம். அம்மா தனியாக எழுதுவார், நீளமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஃப்ளோரா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்காகப் பசை வாங்க பாய் கடைக்குப் போனேன். மங்கை அக்கா கடிதத்தைப் பிடுங்கி, "எங்களப் பத்தி இன்னா எழுதிகீற, படி" என்றார். படித்தேன், முழுவதும், நின்றுகொண்டு. சாயம் காய்ச்சிய இடத்தில் அக்காவே விழுந்து விழுந்து சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் கேரம் கோஷ்டியும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறது. நாக்கு அவ்வளவாகச் சுடவில்லை என்று எழுதச் சொல்லி அப்பா கத்தினார், எழுதிவிட்டேன். ஆகவே சித்தி, மேலே கேட்டதைச் செய்ய வேண்டாம். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வாருங்கள், என்னை அழைத்துப் போக வேண்டாம். வரும்போது கம்பளி நூல் நிறைய கொண்டு வாருங்கள். எத்திராஜ் அண்ணன் இன்னும் சாக்குதான் போர்த்திக்கொண்டிருக்கிறார், மங்கை அக்கா அண்டாவைத் தொடுவதில்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்திருக்கிறார். இன்றைக்கு ஆன்ட்டி பெயர் கூப்பிட்டபோது நான் ஊசியைத் தூக்கவில்லை. "உள்ளேன்" என்றேன். அந்தச் சத்தத்தில் திரைக்கு வெளியே அப்பாவுக்குக் கை தவறிச் சிவப்புக் காய் போய்விட்டதாம். அதற்கும் நீங்கள்தான் காரணம் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்.