ஒரு முளை குறைகிறது

தாமோதரன் காலையில் கிணற்று மேட்டுக்கு வந்தபோது, தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகள் நடக்கும் சரிவின் நடுவே ஒரு மரமுளை அடித்திருந்தது. முளையின் தலையில் சிவப்புச் சாயம். அவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

வரப்பில் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டார். அவன் பெயர் இருசப்பன். ரோடு அளக்கும் ஓவர்சியருக்கு எடுபிடி.

"இன்னாப்பா இது?"

"ரோடுங்க."

"எங்க வருது ரோடு?"

"நீங்க நிக்கிற எடந்தாங்க."

தாமோதரன் இரண்டடி தள்ளி நின்றார்.

"அதுவும் ரோடுதாங்க," என்றான் இருசப்பன்.

அந்த ரோடு ஒரேயடியாக வந்துவிடவில்லை. திருப்புலிவனத்துக்கிட்டே பெரிய ரோட்டிலிருந்து கிளை பிரிந்து மருதேரியை நோக்கிக் கிளம்பியது. ஒரு கோடையில் கொஞ்சம் கப்பிக்கல் கொட்டினார்கள். மழை வந்ததும் நிறுத்தினார்கள். மறு கோடையில் இன்னும் கொஞ்சம். நடுவில் ஒரு வருஷம் முழுக்க, கிடந்த இடத்திலேயே கிடந்து புல் முளைத்தது. அந்த ரோட்டை நம்பித்தான் தாமோதரன் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். ஊருக்கு பஸ் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்து பிரசிடெண்ட் ஆனார். பஸ் வரவேண்டும். ஆனால் அது இந்தக் கிணற்றின் மேல் ஏறி வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அவருடைய அப்பா பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு அது. வெடி வைத்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மீதி விரல்களோடு மேலும் தோண்டி ஊற்றைப் பார்த்தார். ஏரி வற்றிக் கிடந்த வருஷங்களில் கூட அந்தக் கிணறு தாமோதரன் குடும்பத்தைக் கைவிட்டதில்லை. அது போனால் அந்த நிலமெல்லாம் மானாவாரி.

ஓவர்சியர் அருள்தாஸ் தென்னேரிப் பக்கத்து ஆள். அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும்.

"ஓவர்சியர் சார், கெணத்து மேலயா ரோடு போடுவாங்க?"

அருள்தாஸ் கிணற்றைப் பார்த்தார். எட்டி உள்ளே தண்ணீரையும் பார்த்தார்.

"திட்டப்படி நேர்கோடுங்க. நேரா வந்தா இப்படித்தான் வருது."

"ஏன், கொஞ்சம் வளைச்சா இன்னா? ரோடு கோச்சிக்குமா?"

"வளைக்கலாம். ஐயா எந்தப் பக்கம்னு கை காட்டுங்க."

தாமோதரன் பார்க்கக்கூட இல்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து மேற்கே ஒரு வீசு வீசினார்.

முளைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த இருசப்பன் தலையைச் சொறிந்தான். "சார், ஒரு முளை கொறையுது."

"இருக்கட்டும். எங்கியாவது இருக்கும்," என்றார் அருள்தாஸ்.

மறுநாள் இன்னொரு முளை வேதகிரியின் களத்து நடுவில் இருந்தது. வேதகிரி, தாமோதரனின் மனைவி தேவகிக்கு உடன்பிறந்த அண்ணன்.

"மாப்ள," என்று அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "நெல்லு அடிக்கிற எடத்துல பஸ்ஸு வந்தா, நான் நெல்ல எங்க அடிக்கிறது? உன் தலை மேலயா?"

"மச்சான், நான் சும்மா ஒரு பக்கம் துண்ட வீசினேன்…"

"வீசினியா? இன்னும் கொஞ்சம் ஓங்கி வீசியிருந்தா என் வூடே போயிருக்கும்!"

அன்று மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை. தாமோதரன் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தேவகி, உப்பு?"

"மேக்கால கீது. துண்ட வீசிக் காட்டுங்க, வரும்."

ராத்திரி ரசத்திலும் உப்பு இல்லை.

தாமோதரன் விடிந்ததும் அருள்தாஸைப் பிடித்தார். வடக்கே, செல்லியம்மன் கோயிலுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் உண்டு, அந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்றார். அருள்தாஸ் நெடுநேரம் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒத்துக்குவாங்களாங்க?"

"சாமிக்கு இன்னா சார் ஆட்சேபணை? தேர் வரதுக்கும் நல்லதாப் போச்சு."

சாமிக்கு ஆட்சேபணை இருந்தது. வெள்ளிக்கிழமை பூசையில் பூசாரி கன்னியப்பன் மேல் அம்மன் வந்துவிட்டாள். மற்ற நாளில் தாமோதரனைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிற ஆள், அன்று வேப்பிலையை ஓங்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தார்.

"ஏய் தாமோதரா! என் தலை மேல சக்கரம் வுடுவியா?"

"இல்ல தாயி."

"என் கோயிலு! என் அரசமரம்! அதுக்குப் பின்னால கீற கத்திரித் தோட்டம்! ஒண்ணத் தொட்டாலும் ஊரு தாங்காது!"

தாமோதரன் கைகூப்பியபடியே கேட்டார். "கத்திரித் தோட்டம் கன்னியப்பனுதாச்சே தாயி?"

அம்மன் கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் என்னுதுதாண்டா!"

யாரும் சிரிக்கவில்லை. கற்பூரம் எரிந்து முடிகிற வரை ஊர் முழுக்க தாமோதரனையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் கோயிலுக்குப் பின்னால் அடித்த முளைகளை யாரோ பிடுங்கி அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

அருள்தாஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இருசப்பனிடம் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாமோதரனுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப, ரோடு இப்ப கீற எடத்தோட நின்னுடுமுங்க. மருதேரிக்கு வயி இல்லன்னு ஆபீசுல சொல்லிட்றேன்."

"அய்யய்யோ, அப்டி சொல்லிடாதீங்க சார்! பஸ்ஸு வரலன்னா என்னை உரிச்சி உப்புத் தடவிடுவாங்க."

"வேற வயி எனக்குத் தெரியலீங்க. ஊரு உங்களுது. நீங்கதான் சொல்லணும்."

தாமோதரன் ஏரிக்கரை மேல் ஏறி நின்றார். அருள்தாஸும் பின்னாலேயே வந்து நின்றார். மடையில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

இதே இடத்தில் அவர்கள் முன்பும் ஒருமுறை நின்றிருக்கிறார்கள். போன ஐப்பசி மழையில், தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது என்று பார்க்க அருள்தாஸ் முதல்முறையாக வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே குடையில் நின்றார்கள். கீழே கிழக்கில் ஏரியின் ஓடை கரை புரண்டு போனது. ஓடைக்கு அப்பால் சேரி. மழைக்காலத்தில் அது தீவு. அன்று நான்கு பேர் கழுத்தளவு தண்ணீரில் ஒரு கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தார்கள். கட்டிலில் ஒரு பெண் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அது?" என்று அருள்தாஸ் கேட்டார்.

"நம்ம ஆளுங்கதான். நடவுக்கு வருவாளே மார்த்தாள், அவ பொண்ணு," என்றார் தாமோதரன்.

சாயங்காலம் அதே கட்டில் அதே தண்ணீரில் திரும்பி வந்தது. சத்தம் இல்லை. மேலே துணி போர்த்தியிருந்தது. தாமோதரன் மறுநாள் ஒரு மூட்டை நெல் கொடுத்தனுப்பினார். அதற்கு மேல் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

இப்போது அதே கிழக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்கு அப்பால், சேரியை ஒட்டி, நீளமாகப் புறம்போக்கு நிலம் கிடந்தது. அங்கே யாருடைய கிணறும் இல்லை. யாருடைய களமும் இல்லை. எந்தச் சாமியின் கத்திரித் தோட்டமும் இல்லை. இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஓவர்சியர் சார்! கெயக்கால போனா இன்னா?"

அருள்தாஸ் அவர் கை காட்டிய பக்கம் திரும்பக்கூட இல்லை. "அங்கயா? ஓடைக்குப் பாலம் கட்டணுங்க. மேல ஒத்துக்க மாட்டாங்க."

"நான் ஒத்துக்க வெக்கிறேன்."

"ரோடும் சுத்துமுங்க."

"சுத்தட்டும்! பஸ்ஸுக்கு இன்னா, கால் நோவுமா?"

அருள்தாஸ் அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"ஐயா, நல்லா யோசிச்சி சொல்லுங்க. அப்புறம் பஸ்ஸு அவங்க தெருவுலதான் நிக்கும். ஊர்ச் சனங்க அங்க போயித்தான் ஏறணும்."

"எங்க நின்னா இன்னா சார்? நாம ஏறிக்கப் போறோம்."

"ஊரு கேட்டா, இது என் யோசனை இல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

"நெஞ்சத் தட்டிச் சொல்றேன். இது தாமோதரன் யோசனை."

அடுத்த வாரமே தாமோதரன் அருள்தாஸோடு செங்கல்பட்டுக்குப் போனார். பெரிய இன்ஜினீயர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரு சின்னத் தெருவுக்காகப் பாலம் எதற்கு என்று கேட்டார்.

தாமோதரனுக்கு ஆத்திரம் வந்தது. கிணறு போய்விடும், மச்சான் போய்விடுவார், பதவி போய்விடும். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா சார் அப்டி சொல்லிட்டீங்க? மயை வந்தா அந்தத் தெரு சனங்க கயுத்தளவு தண்ணியில கட்டிலத் தூக்கிக்கினு போறாங்க. புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு போறாங்க சார். நான் கண்ணால பாத்தேன். திரும்பி வரும்போது…"

வாதத்துக்காக ஆரம்பித்தது. பாதியில் பேச்சை விட்டார். அவர் மறுபடி உட்கார்ந்தார். இன்ஜினீயர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அருள்தாஸ் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"சரி. பாலத்துக்கு எழுதுறேன்," என்றார் இன்ஜினீயர்.

ரயிலடிக்கு நடந்து வரும்போது தாமோதரன் ஒருமுறை, யாரிடமோ சொல்வதுபோல, "எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்," என்றார். அருள்தாஸ் தலையை ஆட்டினார்.

ஊர் கொண்டாடியது. முளைகளை எடுத்துக்கொண்டு போவதற்கு இருசப்பனை யாரும் விடவில்லை. களம் தப்பிய சந்தோஷத்தில் வேதகிரி ஒரு கட்டைத் தோளில் வைத்துக்கொண்டார். கத்திரித் தோட்டம் தப்பிய கன்னியப்பன் இன்னொரு கட்டைத் தூக்கினார். தாமோதரன் பிரசிடெண்ட் என்பதையும் மறந்து, தன் கிணற்று மேட்டில் இருந்த முளையைத் தானே பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோருமாக ஓடையில் இறங்கிக் கரையேறி, சேரியை ஒட்டி அருள்தாஸ் காட்டிய இடங்களில் முளைகளை அடித்தார்கள். அன்று வீட்டில் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

அந்தக் கோடையில் மண் கொட்டினார்கள். அடுத்த கோடையில் பாலம் எழும்பியது. அதற்கடுத்த கோடையில் கப்பி வந்தது, உருளை வந்தது, தார் வாசனை வந்தது. ரோடு பொறுமையாக ஊர்ந்து சேரிக்கு வந்து, அங்கிருந்து தூரத்து ஊர்களுக்கு வளைந்து போனது. மருதேரி ஊர்த் தெரு பழையபடியே புழுதியாகக் கிடந்தது.

முதல் பஸ் வருகிற நாளில் தாமோதரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கையில் பஸ்ஸுக்கு ஒரு சாமந்தி மாலை. பின்னாலே தேவகி, வேதகிரி, கன்னியப்பன், ஊர். பாலத்தைத் தாண்டியதும் எல்லோருடைய நடையும் தானாகக் குறைந்தது. அந்தத் தெருவில் தாமோதரன் அதுவரை நின்றதில்லை. கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் கரையிலிருந்தே குரல் கொடுப்பார்.

பஸ்ஸைக் காணவில்லை. வெயில் ஏறியது. நிழல் என்று இருந்தது மார்த்தாள் வீட்டுப் பூவரச மரம் ஒன்றுதான்.

"நெயல்ல வந்து நில்லுங்க ஆண்டே," என்றாள் மார்த்தாள்.

"பரவால்ல."

"மண்ட காயும். வாங்க."

அவர் கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்று பார்த்தார். தேவகி முதலில் போனாள். பிறகு வேதகிரி. கடைசியில் தாமோதரனும் நிழலுக்குள் போனார். மார்த்தாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவகி அதை வாங்கிக் குடித்தாள். தாமோதரன் வேறு பக்கம் பார்த்தார்.

அப்படிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மரத்தடியில், ரோட்டின் விளிம்பை ஒட்டி, மார்த்தாளின் ஆட்டைக் கட்டியிருந்த முளை. வெயிலிலும் மழையிலும் கிடந்து வெடித்திருந்தது. ஆனால் தலையில் சிவப்புச் சாயம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் மனம் லேசானது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு, அதட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

"ஏண்டி மார்த்தா! அன்னிக்கி ஒரு முளை கொறையுதுன்னு அந்த இருசப்பன் தலைய சொறிஞ்சிக்கினு நின்னான். சர்க்கார் முளையத் திருடியாந்து ஆட்டக் கட்டினு கீறியா?"

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மார்த்தாள் ஆட்டின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"திருடல ஆண்டே. அளக்க வந்த அன்னிக்கி ஓவர்சியரு ஊருக்குள்ள வரதுக்கு மின்னாடியே அடிச்ச மொத முளை இதான்; 'இத புடுங்காத, ஆட்டக் கட்டிக்க, மீதி முளைய ஊர்க்காரங்களே தோள்ல சொமந்துகினு வந்து இங்க அடிப்பாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் உங்க கெணத்தாண்ட போனாரு."