அப்பா காது காணாமல் போன விவரம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் கழுத்து நீங்கலாகச் சௌக்கியம். கழுத்தின் கதை கீழே வருகிறது. உன் சௌக்கியத்தையும் மாப்பிள்ளையின் சௌக்கியத்தையும் கடிதத்திலேயே தெரிவிக்கவும். போனில் தெரிவித்தால் எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

நீ வாங்கித் தந்த வயர் இல்லாத ஹெட்போனை ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து காணோம். அதை மாட்டினால்தான் உன் குரல் எனக்குக் குரலாகக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் வழக்கம்போல் நீ கூப்பிட்டாய். வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கேயோ ஒரு கொசு பாடுவதுபோல் இருந்தது. கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ காது டாக்டரிடம் போ என்பாய், மாப்பிள்ளை ஒரு மிஷினை வாங்கி அனுப்புவார், அதையும் நான் தொலைப்பேன். அதனால் கைவசம் இருக்கும் மூன்று பதில்களை வைத்துச் சமாளித்தேன். அப்படியா, சரிம்மா, ரொம்ப சந்தோஷம். உன் அம்மா போனதிலிருந்து லிஃப்டில் பேசுகிறவர்களிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் இந்த மூன்றை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன், இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. அன்று மூன்றாவதைச் சொன்னதும் கொசு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து நீ என்னவோ சின்னதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். தினமும் காலையில் உன் ஜன்னலிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புவாயே, திங்கட்கிழமை அது வரவில்லை. நான் எதற்காக ரொம்ப சந்தோஷப்பட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, பாப்பா. உனக்கு வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, உங்கள் இரண்டு பேருக்குள் ஏதாவது சண்டையா என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். மெசேஜில் கேட்கலாம் என்று நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தேன். பேனாவால் எழுதினால் அழிக்க முடியாது என்பதால்தான் கடிதம்.

சரி, ஹெட்போனைக் கண்டுபிடித்துவிட்டால் தைரியமாக உன்னைக் கூப்பிட்டு, அன்று என்ன சொன்னாய் என்று நாசூக்காக வாயைக் கிளறலாம் என்று திட்டம் போட்டேன். போன தடவை வந்தபோது மாப்பிள்ளை என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாரே, புளூடூத் சிக்னலை வைத்துத் தொலைந்த பொருளைத் தேடுவது, அதைத் திறந்தேன். கிட்டே போகப் போக எண் மாறும் மாமா என்று மட்டும் சொல்லியிருந்தார். எப்படி மாறும் என்று சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் சொல்லி நான் அப்படியா என்றிருக்கவும் கூடும். சார்ஜ் முப்பது மணி நேரம்தான் நிற்கும், தீர்ந்துவிட்டால் சிக்னலும் போய்விடும் என்று சொன்னது மட்டும் நினைவிருந்தது. ஆக, எனக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் வரைதான் கெடு.

திறந்ததும் ஒரு பட்டியல் வந்தது. இந்தக் கட்டடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாடி டிவி, சின்னவன் ஸ்பீக்கர், தொடாதே, தொடாதே இரண்டு என்று பத்தொன்பது பெயர்கள், எல்லாம் எனக்குப் பக்கத்திலேயே. கை தவறி ஒன்றிரண்டைத் தொட்டேன், இணைக்க முடியவில்லை என்று பதில் வந்தது. அது ஒன்றும் எனக்குப் புதிய செய்தி இல்லை. நடுவில் நீ வைத்த பெயர் இருந்தது, அப்பா காது. அதற்கு எதிரே ஒரு சிறு கோடு, பக்கத்தில் நாற்பத்தொன்று. எங்கள் சர்வே ஆபீஸ் குமாஸ்தா வரிசை அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் ஒரு சின்னக் கோடு போடுவார். முப்பத்துநான்கு வருடம் அந்தக் கோட்டைப் பார்த்த கண், இதையும் குமாஸ்தா வேலை என்றே எடுத்துக்கொண்டது.

நிலம் அளந்தவன் இல்லையா, நோட்டுப் புத்தகத்தில் வீட்டைக் கட்டம் போட்டுக்கொண்டு முறையாக இறங்கினேன். கட்டிலில் நாற்பத்தொன்று. கூடத்தில் ஐம்பத்தாறு. சமையலறையில் அறுபத்திரண்டு. வாசலில் எழுபது. எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து எனக்கு ஒரே உற்சாகம். எதிர்வீட்டுக் கதவடியில் எழுபத்தாறு என்றது. அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள், நான்கு வருடமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம், பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, அப்பா காது உங்கள் வீட்டுக்குள் இருப்பதாகப் போன் சொல்கிறது என்றேன். அவள் என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள், சோபாவைக்கூட என்னோடு சேர்ந்து நகர்த்தினாள், டீ போட்டுக் கொடுத்தாள். அவளுக்கும் யாரும் வருவதில்லையாம். காதைக் காணோம், ஆனால் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

அவள் ஜன்னலோரம் எண்பத்தொன்று என்றதால் கீழே இறங்கினேன். கீழ்த்தளத்துத் தையற்காரரிடம் எண்பத்தேழு. பேண்ட் இடுப்பைப் பிரிக்கக் கொடுத்தபோது பையோடு போயிருக்கும் என்று நானே ஒரு கதை கட்டி, அவர் மேசைக்கடியில் இருந்த வெட்டுத்துணி மூட்டையை முழுக்கக் கொட்ட வைத்தேன். அவர் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு முறைத்தார். ஊசி இருந்தது என் நல்ல காலம். தெருவுக்கு வந்தால் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து. மணி நான்காகிவிட்டது, சார்ஜ் தீர இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன். தெருமுனையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை வாசலில் தொண்ணூற்றெட்டு. நூறு அடிக்கப்போகிறோம் என்று ஒரு எட்டு வைத்தேன், பெயரே மறைந்துவிட்டது. அவ்வளவுதான், செத்துவிட்டது என்று அவர் கடையில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜ்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு ஐயா என்று அவர் வந்து கேட்டார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கண் கலங்கிவிட்டது. என் மகள் என்னிடம் என்னவோ சொன்னாள், அது என்னவென்று இனி எனக்குத் தெரியவே தெரியாது என்று அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன்.

அவர் போனை வாங்கி, நோட்டையும் வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ஐயா, இது கோடு இல்ல, மைனஸ். எண்ணு பெரிசாக ஆக சிக்னல் கம்மின்னு அர்த்தம். எங்க தொழில்ல மைனஸை மறந்தா மருந்துக்கடைக்காரன் மருந்தெல்லாம் கெட்டுப் போயிடும். நீங்க தேடறேன் தேடறேன்னு காலையிலேருந்து அதை விட்டுத் தூரமாவே வந்திருக்கீங்க."

அளவுச் சங்கிலி பிடித்த கையால் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். தொண்ணூறு, எண்பது, எழுபது என்று எண் இறங்க இறங்க என் வீடு வந்தது, கூடம் வந்தது, கட்டில் வந்தது. கட்டிலின் தலைமாட்டில் முப்பத்துமூன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் தலையணைக்கு உறை மாற்றினேன், ஹெட்போன் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்க அதன்மேல் தலை வைத்துப் படுத்துவிட்டு, பஞ்சு கட்டிதட்டிவிட்டது என்று காலையில் கழுத்துக்குத் தைலம் தடவியவன் உன் அப்பா. அது போனோடு இணைந்தேதான் இருந்திருக்கிறது. அன்று நீ பேசியதெல்லாம் நேராகத் தலையணைக்குள் போயிருக்கிறது. ஆக என் காதின்மேலோ என் மனதின்மேலோ ஒரு குற்றமும் இல்லை, முழுப் பழியும் ஹெட்போனுக்குத்தான் என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று என்ன சொன்னாய் என்று விவரமாக எழுது. அதற்குத் தகுந்த சரியான பதிலை நான் எழுதுகிறேன். மற்றபடி நான் இங்கே நன்றாகவே இருக்கிறேன், பேச்சுத்துணைக்கு நர்ஸ், தையற்காரர், மெக்கானிக் என்று ஊரே இருக்கிறது, என்னைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழும்படி நெடுநாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை இந்தக் கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் பேசினேன். லீவு கிடைக்கவில்லை, ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. "அன்னைக்கே சொன்னேன், ரொம்ப சந்தோஷம்னீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா. நிஜமாவே உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீ மூச்சை இழுத்துப் பிடித்ததுகூடக் கேட்டது. நான் ரொம்ப சந்தோஷம்மா, வேலைதானே முக்கியம் என்று மறுபடியும் சொன்னேன். ஆகையால் மேலே ஹெட்போன்மேல் போட்ட பழியை அடித்துவிடவும். துணைக்கு ஊரே இருக்கிறது என்று எழுதியதையும் அடித்துவிடவும். எனக்குப் பரவாயில்லை என்பது பொய், பாப்பா. ஒரு நான்கு நாளாவது வந்து இருந்துவிட்டுப் போ. இதைப் படித்ததும் போன் செய்து மட்டும் கேட்காதே. கேட்டால் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.