நாக்கு அண்ணனும் குற்றாலச் சாரலும்

விருத்தாசலத்தில் நாக்கு அண்ணன் நக்கிப் பார்க்காத பொருள் என்று ஒன்று இருந்தால், அது ஜங்ஷனில் நிற்கும் ரயில் இன்ஜினாகத்தான் இருக்கும். அதுவும் சூடாக இருக்குமே என்பதால்தான்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் பீங்கான் பொம்மை யூனிட்டில் அவருடைய வேலையே அதுதான். நான் அச்சில் மண் கரைசலை ஊற்றுகிறவன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைப் பலகை பலகையாக வெளியே காய வைத்துச் சூளைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ஈரத்தோடு சூளையில் வைத்தால் பொம்மை வெடித்துவிடும். ஈரத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த ஒரே கருவி நாக்கு. நன்றாகக் காய்ந்த மண் நாக்கில் ஒட்டி இழுக்கும். ஈர மண் இழுக்காது. அவர் "இழுக்குது" என்றால் பலகை சூளைக்குப் போகும். "இழுக்கல" என்றால் முதலாளியே வந்து நின்றாலும் போகாது. பிள்ளையார் பொம்மை வந்தால் மட்டும் பிள்ளையாரைத் தொட மாட்டார், மூஞ்சூறோடு நிறுத்திக்கொள்வார். அவருக்கும் பக்தி உண்டு.

நேற்று இழுத்த பொம்மை இன்று இழுக்கவில்லை என்றால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது, மழை வரப்போகிறது என்பது அவர் கணக்கு. அது தப்பியதே இல்லை. ஒரு ஐப்பசியில், கார்த்திகை தீபத்துக்கான அகல் விளக்குகளைக் காய வைக்கும் அவசரத்தில், முதலாளி மகன் செல்லை நீட்டினான்.

"சூரியன் படம் போட்டிருக்குது பாருங்க. பலகையெல்லாம் வெளிய எடுத்து வைங்க."

"அந்த செல்லைக் குடு தம்பி."

"எதுக்குண்ணே?"

"நக்கிப் பாக்கறேன்."

செல்லை அவன் கொடுக்கவில்லை. விளக்குகள் வெளியே போயின. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் விளக்கெல்லாம் பழையபடி சேறாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவன், "அண்ணே, நாக்கு என்னா சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் செல்லைத் திறப்பான்.

தெருவிலும் இதே மரியாதை. நானும் அவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா வத்தல் பிழிந்து ஒரு நாள் காய வைத்ததும் தட்டோடு வந்து நிற்பார். "இன்னிக்கி எடுத்துடலாமாண்ணே, மழ கிழ வருமா?" அண்ணன் ஒரு வத்தலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். "சரியா தெரியல. இன்னொன்னு குடு." பதில் தெளிவாகத் தெரிவதற்குள் தட்டில் பாதி காலியாகிவிடும்.

அந்த வீடு கிடைத்ததும் நாக்கால்தான். எனக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம். படிப்பு ஐந்தாவது வரை. அம்மா போன பிறகு இங்கே வேலைக்கு வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. வாயைத் திறந்து யாரிடமும் ஒன்று கேட்க எனக்கு வராது. ஒரு முறை நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது தெரிந்தும் கண்டக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வேப்பூர் வரை போய் ஹைவேஸ் ஓட்டலில் புரோட்டா தின்றுவிட்டுத் திரும்பினேன். அண்ணனுக்கு மனைவி இறந்து வெகு காலம், பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரூம் எடுக்கலாம் என்று போனோம். நான் தரையைப் பார்த்து நின்றேன். அவர் நேராகப் போய் வடக்குச் சுவரை நக்கினார்.

"இந்தச் செவுரு ஐப்பசில ஒழுவும்."

வீட்டுக்காரம்மா என்னிடம், "என்னாங்க இவுரு, வூட்டப் பாக்கச் சொன்னா நக்கறாரு?" என்றார். ஆனால் சுவர் ஒழுகுவது உண்மை. சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? சாவியைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆடி மாதம் எங்கள் ஊரில் காற்று புழுதியை வாரிக் கண்ணில் போடும்போது, குற்றாலத்தில் சாரல் அடிக்கும், அருவி கொட்டும் என்பார்கள். யூனிட்டிலிருந்து வருஷா வருஷம் சனிக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்பும். மழையைத் தவிர மேலேயிருந்து விழும் தண்ணீரை நான் கண்டதில்லை. ஒரு தடவையாவது அதன் அடியில் தலையைக் கொடுத்து நிற்க வேண்டும். அண்ணன் வர மாட்டார், வேன் ஏறினால் வாந்தி எடுப்பார்.

முதல் வருஷம் அவர் ஒரு பொம்மையை நக்கிவிட்டு, "போவாத தம்பி. சாரல் நின்னு போச்சி" என்றார். நான் போகவில்லை. அடுத்த வருஷம், "தண்ணி ஜாஸ்தி. குளிக்க வுட மாட்டாங்க" என்றார். பொம்மைக்கு வண்ணம் தீட்டும் செல்வி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"இங்க பொம்மைய நக்கினா குத்தாலத்துல தண்ணி இருக்கறது எப்பிடிண்ணே தெரியும்?"

"காத்து அங்கேருந்துதான வருது?"

திங்கட்கிழமை அவள் செல்லில் படம் காட்டினாள். அருவி அப்படிக் கொட்டியது. அதன் அடியில் எல்லோரும் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது போன வருசத்துப் படம்," என்றார் அண்ணன்.

"போன வருசம் எங்கிட்ட இந்த செல்லே இல்லியேண்ணே."

"அப்ப செல்லுதான் புதுசு. படம் பழசு."

மூன்றாம் வருஷம் நான் முடிவு செய்துவிட்டேன். ஜன்னல் சீட்டுக்குப் பெயர் கொடுத்தேன், புதுத் துண்டு வாங்கினேன். வேன் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ரூமில் பையைக் கட்டினேன். அண்ணன் அங்குமிங்கும் நடந்தார். யூனிட்டுக்குப் போய்ச் சுடாத பச்சைப் பொம்மை எடுத்துவர நேரமில்லை. அலமாரியில் இருந்த வெள்ளை யானையை எடுத்து அதன் முதுகில் நாக்கை வைத்தார்.

"இழுக்கல தம்பி. அருவி காஞ்சி கெடக்குது."

அது சூளையில் வெந்து, கண்ணாடி போல மெருகு ஏறிய யானை. அடை மழையானாலும் கத்திரி வெயிலானாலும் அது யார் நாக்கையும் இழுக்காது. தவிர, இழுக்கவில்லை என்றால் ஈரம் என்றுதானே பொருள்? அவசரத்தில் தன் சாஸ்திரத்தையே மாற்றிச் சொல்லிவிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. தாராளமாக இரண்டு பேருக்குக் காணும்.

"சரிண்ணே," என்று சொல்லிவிட்டுப் பையை அவிழ்த்தேன். அன்று சாப்பிடும்போது, "சோறு போதுமா?" என்று நான்கு தடவை கேட்டார்.

இந்த வருஷம் தை மாதம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. அக்கா மகன் வந்து திருப்பூருக்கு ரயிலில் அழைத்துப் போய்விட்டான். இரண்டு தட்டில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், அது அப்படியே இருக்கிறது. ஒரு நாள் வீட்டுக்காரம்மா வத்தல் தட்டோடு வாசல் வரை வந்தார். உள்ளே என்னை மட்டும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார். நானாவது ஒன்று கேட்டு வாங்கித் தின்றிருக்கலாம். வாய் வரவில்லை.

ஆடி பிறந்தது. வேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"போயிட்டு வா தம்பி. தண்ணி நல்லா கொட்டுது."

"எதை நக்கிப் பாத்தீங்கண்ணே?"

"இங்க நக்கறதுக்கு என்னா இருக்குது, பனியன்தான். டிவில சொன்னாங்க." டிவி சத்தத்தைக் குறைத்தார். "போன வருசமும் கொட்டிச்சி தம்பி."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா போவல?"

"மீன் கொழம்பு வாசன வந்துச்சி."

பிறகு, "இங்க எல்லாரும் கம்பெனிக்குப் போயிடறாங்க," என்றார். போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேன் யூனிட் வாசலில் நின்றது. செல்வி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "என்னாண்ணே நிக்கறீங்க? ஏறுங்க."

பையிலிருந்த புதுத் துண்டைப் பிரித்து, அதில் சுற்றி வைத்திருந்த யானையை எடுத்து, அதன் முதுகில் நாக்கை வைத்தேன். வேனே என்னைப் பார்த்தது.

"இழுக்கலம்மா. அருவி காஞ்சி கெடக்குது. நீங்க போயிட்டு வாங்க."

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கே முதலில் கண்ணில் பட்ட ஆளை நிறுத்தி, "திருப்பூர் பஸ்ஸு எங்கங்க நிக்கும்?" என்று கேட்டேன்.