மஞ்சள் ஸ்கூட்டரும் கறுப்பு சைக்கிளும்

திருநெல்வேலிச் சீமையில் நடக்கும் எல்லா வாகன விபத்துகளுக்கும் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க்தான். நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். எங்களுக்கு அவர் 'மஞ்சள் அண்ணாச்சி'.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவருடைய ஸ்கூட்டர் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. ஒரே மாதத்தில் ஓர் ஆட்டோ, ஒரு மாட்டுவண்டி, ஓர் ஐஸ் வண்டி என்று மூன்று பேர் அதை இடித்தார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: "கண்ணுக்கே தெரியலையே அண்ணாச்சி!" நாலாவது ஆளுக்கு அந்தச் சாக்கைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து ஸ்டெப்னி வரை மஞ்சள் அடித்துவிட்டார். கல்யாண வீட்டு வாசலில் அந்த வண்டியை நிறுத்தினால் சீரியல் லைட் மங்கிப்போகும்.

கூடவே ஒரு சட்டமும் பிறந்தது. இரண்டு வண்டி மோதினால் எது மங்கல் நிறமோ, தப்பு அதன் மேல். ஆற்றுப்பாலத்தில் 'டமார்' என்று கேட்டால் ஃபைலைப் போட்டுவிட்டு ஓடுவார். "வெள்ளைக் காரு, கறுப்பு லாரி. தப்பு லாரி மேல. எல்லாரும் கெளம்புங்கவே!"

ஒருமுறை வண்ணார்பேட்டையில் இரண்டு சிவப்பு பஸ்கள் முட்டிக்கொண்டன. அண்ணாச்சி மூன்று சுற்று சுற்றிவந்து, "இதுல எதுக்குவே மொதல்ல பெயிண்ட் அடிச்சீங்க?" என்றார். அதுவரை அடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் ஒற்றுமையாகி அவரை விரட்டினார்கள்.

அவருக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. வண்டி ஓட்டும்போதும் திரும்பித் திரும்பித்தான் பேசுவார். ஒருநாள் காலை ஆபீஸ் வேலையாக அந்த ஸ்கூட்டரில் சீவலப்பேரிக்குப் போனோம், நான் பின்சீட்டில். எங்களைத் தாண்டி ஒரு வேன் போனது.

"ஏலே, பாத்தியா, கருநீலம்! கோர்ட்டுக்குப் போனா நிக்காதுலே!" என்று முழுதாகத் திரும்பினார். வண்டியும் வலதுபக்கம் போனது.

"அண்ணாச்சி, முன்னால பாருங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் எதிரே வந்த சைக்கிளில் மோதிவிட்டோம்.

சைக்கிளில் வந்தவர் சுடலைமுத்து, வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கால் முறிந்துவிட்டது. அண்ணாச்சி அவரை ஓர் ஆட்டோவில் ஏற்றித் தன் மடியில் கிடத்திக்கொண்டார். பெரியாஸ்பத்திரி வரை அந்தக் கால் ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். வலியோடு சுடலைமுத்து, "நான் இன்னும் ஓரமா வந்திருக்கணும் ஐயா" என்றார்.

நஷ்டஈடு கேட்டுச் சுடலைமுத்து வழக்குப் போட்டார். தப்பு ஸ்கூட்டர் மேல் என்றானால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். ஆனால் அப்போது அண்ணாச்சியின் பெயர் பிரமோஷன் பட்டியலில் இருந்தது. போலீஸ் கேஸும் பாக்கி. தப்பை ஒப்புக்கொண்டால் பிரமோஷன் போச்சு.

வாய்தா நெருங்க நெருங்க, ஆபீஸ் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். அரைமணிக்கு ஒருதரம் என்னிடம் வந்து, "ஏலே, சைக்கிள் கறுப்புதான?" என்பார்.

"கறுப்புதான் அண்ணாச்சி."

"ம்" என்று மறுபடி நடக்கப் போய்விடுவார்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வண்டி நிறத்தை வைத்தே தப்பை முடிவுசெய்ய வேண்டும் என்று அண்ணாச்சி எப்போதோ கம்பெனிக்கு எழுதிப்போட்டது.

"உங்க கையெழுத்துதானே? பட்டப்பகல். உங்க வண்டி பளிச்னு மஞ்சள். சைக்கிள் கறுப்பு. பாத்து ஒதுங்காதது அவர் தப்புதானே?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். சட்டமும் ஜெயிக்கும், பிரமோஷனும் தப்பிக்கும். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அதுல எழுதுனது தப்பு சார். அந்த மனுஷன் அவர் பக்கம் சரியாத்தான் வந்தாரு. நான்தான் ரோட்டைப் பாக்காம பின்னால திரும்பிப் பேசிக்கிட்டே வந்து இடிச்சேன். வண்டி மஞ்சளா இருந்து என்ன செய்ய?"

சுடலைமுத்துவுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அண்ணாச்சிக்குப் போலீஸ் கேஸில் அபராதம்; பிரமோஷனும் தள்ளிப்போனது.

சில மாதம் கழித்து, கம்பு ஊன்றிக்கொண்டு சுடலைமுத்து ஆபீசுக்கு வந்தார், கையில் ஒரு சீப்புப் பழத்தோடு. அண்ணாச்சி பதறிப்போய் அவரைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். "டீ சொல்லுலே! அங்கன ஃபேனைப் போடு! காலைப் பைய நீட்டும்வே!" சீவலப்பேரி பஸ் சாயங்காலம்தான். அதுவரை அவரை அந்த நாற்காலியிலிருந்து எழவிடாமல், அண்ணாச்சி நின்றபடியே ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அண்ணாச்சிக்குப் பின்னால் போட்டேன்.

"உனக்குலே?" என்றார்.

"நான் நிக்கேன் அண்ணாச்சி" என்றேன்.