துண்டு மாமாவின் கபடிச் சந்தை

தன் டீம் ஜெயித்தால் முகம் வாடிப்போகிற மேனேஜர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் துண்டு மாமா. தோற்றால் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தருவார். ஜெயித்தால் எங்களில் யாரைத் தள்ளிவிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

எரியோட்டில் ‘இளங்காளை கபடிக் குழு’ என்று ஒன்று உண்டு. அதற்கு மேனேஜர், கோச், ஆள் பொறுக்குகிறவர், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சொந்தக்காரர் எல்லாமே மாமாதான். டீமுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. தொழில் மாட்டுத் தரகு என்பதால் வேறு பெயர் அவருக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்துப் பிடித்தே பேரம் முடிந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. அதற்கென்றே ஒரு பச்சைத் துண்டு மாமாவின் தோளில் எப்போதும் கிடக்கும். அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது, ஆனால் அதை ரேஷன் கடைக்காரர் மட்டுமே உபயோகித்தார்.

இப்போது டிவியில் கபடி வீரர்களை ஏலம் விடுகிறார்கள், ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது. இளங்காளைகள் மட்டும் பிளப்பதில்லை. எங்களை அந்தத் துண்டுக்குள் எத்தனையோ முறை பேசி முடித்திருக்கிறார் மாமா. நன்றாக ஆடுகிற ஒருவனைப் பெரிய டீமுக்குக் கொடுப்பார், அவர்களிடமிருந்து பேர் தெரியாத பொடியன்கள் இரண்டு பேரை வாங்கிக்கொள்வார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

“ஏலே, நல்லா ஆடுறவனை நம்மளால வச்சுக் காப்பாத்த முடியுமா? ஒரு செட்டு ஜெர்சி வாங்க வக்கில்ல. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். தூக்கிட்டுப் போறவன்கிட்ட ரெண்டு கன்னுக்குட்டியாவது கேட்டு வாங்குவோம்.”

கன்னுக்குட்டி என்றால் புதுப் பையன். எங்கள் வயதை மாமா வருஷத்தில் சொன்னதே இல்லை, மாட்டுக்குச் சொல்வதுபோலப் பல்லில்தான் சொல்வார். புதிதாக வந்தவன் பல்லுப் போடாதவன். கொஞ்சம் தேறினால் ரெண்டு பல்லு, அப்புறம் நாலு பல்லு. ஆறு பல்லில் ஆட்டக்காரன் உச்சத்தில் இருப்பான், அப்போதே கைமாற்றிவிட வேண்டும். எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டால் கேட்க நாதியிருக்காது.

இதெல்லாம் வெறும் பேச்சில்லை. பக்கத்து ஊருக்கு ஒரு பையனைப் பார்க்கப் போனபோது அவனை உழுத காட்டில் ஓடச் சொன்னார், பின்னால் நின்று குதிகாலைப் பார்த்தார், கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னார். பையனின் அம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டாள்.

“எம் புள்ளைய என்ன மாடுன்னு நெனச்சியா?”

“மாடா இருந்தா இம்புட்டு நேரம் பாக்க மாட்டேன் தாயி. பாத்ததும் சொல்லிருவேன்.”

பழனிப் பக்கம் ஒரு போட்டியில் முதல்முறையாக முதல் பரிசு வாங்கினோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஆட்டம் பாட்டம். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பம்பரம் உட்கார்ந்திருந்தான். அவன்தான் எங்கள் பெரிய ரெய்டர். எதிரணிக்குள் பாடிக்கொண்டு போனால் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத்தான் வருவான். மாமா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சிருக்கோம் மாமா, ஏன் இப்படி இருக்கீங்க?” என்றேன்.

“இவனுக்கு ஆறு பல்லு ஆயிருச்சு மாப்ள” என்றார், எழவு வீட்டில் விசாரிக்கிற குரலில்.

அவர் கண் வைத்திருந்தது வேடசந்தூர்ப் பக்கம் இருந்த ஒரு நூற்பாலையின் டீம் மேல். அந்த டீமில் எடுத்துக்கொண்டால் மில்லிலேயே பர்மனென்ட் வேலையும் கொடுப்பார்கள். டீமைக் கவனித்தவர் கோயமுத்தூர்க்கார ஆபீசர், ரொம்ப மரியாதையான மனுஷர். பம்பரத்தைக் கேட்டு வந்தவரின் கையை மாமா லபக்கென்று பிடித்துத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊரில் இப்படித்தான் கை கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் மாமாவின் கையை நன்றாகப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

மாமாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். துண்டுக்குள் முழுக் கையையும் கொடுத்தால் ஐந்து என்று அர்த்தம்.

“அஞ்சு பேரு. வார வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பிருங்க” என்றார்.

“ஏனுங்க, நான் கைதானுங்க குலுக்கினேன்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

துண்டுக்குள் கொடுத்த வாக்கைச் சந்தையில் யாரும் மீறுவதில்லை என்று அவருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். ஆபீசர் அரண்டுபோய், இன்னும் வேலை போடாத ஐந்து பையன்களை மில் வேனிலேயே அனுப்பிவைத்தார். எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஜெர்சி. ஐந்து பேரும் அதை முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒருவராகச் சாப்பாடு போட்டோம். எங்கள் வீட்டுக்கு வந்தவன் சொக்கன். உட்கார்ந்தால் தூங்குவான். வெஞ்சனம் எடுத்துவர அம்மா உள்ளே போய்வருவதற்குள் தட்டின் முன்னால் தூங்கியிருப்பான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் லெப்ட் கார்னர். ரெய்டு வருகிறவனின் காலைப் பிடிப்பது என் வேலை. கபடியில் தடுக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவன் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். எந்தப் புதுப் பையன் வந்தாலும் மாமா அவனை என் கையில்தான் பிடித்துக் கொடுப்பார். அவன் அவசரப்பட்டுப் பாய்ந்தால் நான் இழுத்து நிறுத்த வேண்டும், பயந்து பின்வாங்கினால் முன்னால் தள்ள வேண்டும். சொக்கன் என்றால் முதலில் எழுப்ப வேண்டும். இப்படி என் கையைப் பிடித்து நின்று ஆறு பல்லானவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் துண்டுக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

பம்பரம் போய் இரண்டு வருஷம் தாண்டியபோது நாகல் நகரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் மாலதி. பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கும்தான். அவள் அப்பா “மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?” என்று கேட்டார். “கபடி” என்றார் என் அப்பா. “அது சரிங்க, வேலை?” என்றார் அவர். லெப்ட் கார்னர் என்று சொன்னால் பெண் கொடுப்பார்களா? ஆவணிக்குள் உருப்படியாக ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் நேராக மாமாவிடம் போனேன். “என்னையும் மில்லுக்கு மாத்தி விடுங்க மாமா.” மாலதி விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

அவர் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒன்னைய யாரும் கேக்கலையே மாப்ள” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்க ஆளில்லாத மாடாகிவிட்டேன் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் எரியோட்டில் எந்த ரகசியமும் டீக்கடையில் அவிழாமல் போவதில்லை. இரண்டு நாளில் மாமாவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பொண்ணு பாத்திருக்கியாம்ல. மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“யாரும் கேக்கலைன்னீங்களே.”

“சந்தைக்குக் கொண்டுபோனாத்தானே கேப்பாய்ங்க? திருவிழா மேட்ச்சுக்கு ஆபீசர் வாராரு. அன்னைக்கு ஒழுங்கா ஆடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

திருவிழாவில் இறுதி ஆட்டம் எங்களுக்கும் மில்லுக்கும்தான். எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் பழைய ஆட்கள். ஆபீசர் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாகல் நகரிலிருந்து மாலதியின் அப்பாவும் வந்திருந்தார். அன்றைக்குச் சொக்கன்கூட விழித்திருந்தான். கடைசி ரெய்டு வரைக்கும் சம புள்ளி. பாடிக்கொண்டு வந்தது பம்பரம்.

நான் அவன் கணுக்காலைப் பிடித்துவிட்டேன். பிடியும் நல்ல பிடிதான். சொக்கன் அவன் இடுப்பில் விழுந்தான். ஆனால் பம்பரம் மில் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டில் கையை வைத்துவிட்டான். நான் மூக்கால் மைதானத்தை உழுதுகொண்டு போனதை என் வருங்கால மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

மண்ணைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, மாமாவின் துண்டு ஆபீசர் கைமேல் விழுந்திருந்தது. வழக்கமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அன்றைக்குச் செத்த நேரம் ஆனது. ஒருவழியாக மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“திங்கக்கெழமை மில்லுக்குப் போயிரு. வேலை போட்டாச்சு.”

காலில் விழாத குறைதான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எத்தனை பேரு மாமா, எனக்கு?”

“யாருமில்ல. சும்மாதான் கொடுத்தேன்.”

பம்பரத்துக்கு ஐந்து பேர். மற்ற எல்லோருக்கும் குறைந்தது இரண்டு பேர். பின்னாளில் சொக்கனுக்கே, அதுவும் பேரம் நடக்கும்போது பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த சொக்கனுக்கே, ஒரு ஆள் கிடைத்தான். கயிற்றுக்குக்கூட ஏதாவது வாங்காமல் ஒரு மாட்டை விடாத மனுஷர், என்னை மட்டும் சும்மா ஓட்டிவிட்டார். ஊர் விடுமா? எனக்குச் ‘சும்மா மாப்ள’ என்று பெயரே வைத்துவிட்டது. ஆவணியில் கல்யாணம் நடந்தபோது பந்தியில் யாரோ “மாப்ள சும்மா வந்ததாம்ல?” என்று கேட்க, மாலதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேலை கிடைத்தது, மாலதி கிடைத்தாள், ஆனாலும் அந்தச் சும்மா எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

நான் மில்லில் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். கேன்டீனில் டீ குடிக்கும்போது ஆபீசரிடம் கேட்டேவிட்டேன். “மண்ணுல இழுபட்டதைப் பாத்துட்டுத்தானே சார், எனக்கு ஒரு ஆள்கூடத் தரமாட்டேன்னுட்டீங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “யாருங்க சொன்னாங்க? உங்களை நான் ரெண்டு வருஷமாக் கேட்டுட்டு இருந்தனுங்க. ‘அது கன்னு பழக்குற மாடு, விக்கிறதில்ல’ன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

“அப்ப அன்னைக்கு?”

“அன்னைக்கு நான் முதல்ல ரெண்டு விரலை நீட்டினனுங்க. மடக்கிட்டாரு. பத்தலையாட்ட இருக்குதுன்னு மூணு நீட்டினேன். அதையும் மடக்கிட்டாரு. இந்த மனுஷன்கிட்ட நம்மளால பேரம் பேச முடியாதுன்னு அஞ்சையும் விரிச்சுட்டனுங்க. அஞ்சையும் மடக்கி, கையை அப்படியே பிடிச்சுக்கிட்டாருங்க. விடவே இல்லை.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“துண்டுக்குள்ள கை இருக்கறப்போ பேசக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதானுங்க. அன்னைக்கு அவரே பேசிட்டாரு. ‘இவனுக்கு மாத்து ஒங்ககிட்ட இல்லைங்க. பையனைப் பாத்துக்கங்க’ன்னாரு.”

அந்த டீ ஆறியே போனது.

அடுத்த சந்தை நாளில் லீவு போட்டுவிட்டு ஒட்டன்சத்திரம் போனேன். புழுதிக்கும் மாடுகளுக்கும் நடுவில் மாமா யாருடனோ பேரம் பேசிவிட்டு, கையில் துண்டோடு நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் என் கையைத் துண்டுக்குள் விட்டேன்.

“என்ன மாப்ள, மாடு வாங்க வந்தியா?”

“இல்ல மாமா. சும்மாதான்.”

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “கையை எடு மாப்ள, யாவார நேரம்” என்றார். சொன்னாரே தவிர, பிடித்த கையை அவர் விடவில்லை.