நாலு தேசிக்காயும் மருமகனின் ட்ரோனும்

ஒட்டுசுட்டான்
புதன்கிழமை

அன்புள்ள மருமகன் கோகுலனுக்கு மாமா யோகநாதன் எழுதுவது. நானும் மாமியும் சுகம். கொழும்பில் நீங்களும் மகள் பிரஷாந்தினியும் சுகமாக இருக்கத் தான்தோன்றீஸ்வரர் அருள் புரிவார்.

எழுத்து ஏறியும் இறங்கியும் போவதற்கு மன்னிக்க வேண்டும். வாசிகசாலையில் ராஜினி ரீச்சர் நடத்தும் மாலை வகுப்பில், போன மாதம்தான் முழு வசனம் எழுதப் பிடிபட்டது. மண்வெட்டி பிடித்த கை பேனையை அமத்துது, தாள் இரண்டு இடத்தில் கிழிந்து போச்சு. ஆனாலும் தம்பி, நான் நினைத்தது தாளில் கிடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்க எனக்குப் பெரிய புளுகமாய், சந்தோசமாய் இருக்குது. என் முதல் கடிதம் உங்களுக்குத்தான். சேதிதான் நல்லதில்லை.

நீங்கள் விட்டுப்போன ட்ரோன் பற்றியது. "யானை வயல்கரைக்கு வந்திருக்கோ எண்டு இதில பாருங்கோ மாமா, ஆனால் மேல சுத்துற செட்டை கவனம், ஒரு கீறல் விழுந்தாலும் ஏத்தாதேங்கோ" என்று சொல்லிப் பழக்கியும் விட்டீங்கள். தை கடைசியில் உங்கள் தங்கச்சி பிரேமிளாவின் கலியாணத்தை அதால்தான் மேலிருந்து படம் எடுக்கப்போறீங்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் பறப்பு என்றபடியால் சும்மா ஏத்த மனம் வரவில்லை. புது வாகனம் எது வாங்கினாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துப்போட்டுத்தானே ஓட்டுவம். "சில்லே இல்லாத சாமானுக்கு என்ன தேசிக்காய்?" என்று மாமி கேட்டா. சில்லு இல்லாட்டில் செட்டை இருக்குத்தானே என்று சொல்லி, நாலு செட்டைக்குக் கீழேயும் நாலு தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, ஏத்தினன். மூன்று காய் சின்னன், தப்பினது. பின்பக்கத்துக் காய் பெரிசு. செட்டை அதைச் சீவ, பாதி பறந்துபோய் மாமியின் முதுகில் பட்டது. "சண்டை நாளில வேவு பாக்க வந்த வண்டு விமானச் சத்தத்துக்கு பங்கருக்குள்ள ஓடின மனிசன், இப்ப தானே வண்டு விட்டு எனக்கு அடிக்கிறார்" என்று அவா சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சிவராசா வேலிக்கு அங்கால் நிண்டு இன்னும் சிரிக்கிறான். செட்டை நுனியில் நகம் அளவு வெடிப்பு. உங்கள் சொல் நினைவு வர, அதைக் கழற்றி, பெட்டியில் கிடந்த புதுச் செட்டையைப் பூட்டினன். இரண்டு செட்டை இடப்பக்கம் சுத்துமாம், இரண்டு வலப்பக்கமாம், மாறிப் பூட்டக்கூடாதாம். நீங்கள் சொல்லியிருப்பீங்கள், நானும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருப்பன். ஏத்தினதும் கரப்பான் மாதிரி மல்லாந்து விழுந்து முற்றத்தைக் கிண்டினது. நாலு செட்டையும் போச்சு. கமராவுக்கு ஒன்றுமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குக் கேட்கும், அதுதான் கடிதம். கொழும்பில் நாலு செட்டை வாங்கி வாங்கோ. புதுச் சம்பந்தம் தம்பி. கலியாண வீட்டில் நீங்கள் வெறுங்கையோடு நிண்டால், மாமன் உடைச்சுப் போட்டாராம் என்ற கதை கலியாணம் நடக்கிற ஸ்கந்தபுரம் முழுக்கப் போகும். இனி நான் அதைத் தொடமாட்டன். அலுமாரியில் பூட்டி, திறப்பை மாமியிடம் குடுத்திட்டன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அடுத்த கிழமையும் எழுதுவன், எழுத்து இதைவிட நேராய் நிற்கும்.

இப்படிக்கு,
மாமா யோகநாதன்

பி.கு.: தபாலில் போட முன்னம் இதையும் எழுத வேண்டி வந்திட்டுது. செட்டை வாங்க வேண்டாம். மாமியிடம் திறப்பைக் கெஞ்சி வாங்கி, ட்ரோனைச் சந்திக்குக் கொண்டுபோனன். அங்கே படக்கடை வைத்து, ட்ரோனிலும் கலியாணப் படம் எடுக்கும் அனோஜன் புதுசாய் நாலு தந்து, தானே சரியாய்ப் பூட்டியும் விட்டான். "மண்ணிலயும் புல்லிலயும் வைச்சு ஏத்தாதேங்கோ ஐயா, செட்டையில பிடிக்கும், தட்டையான இடம் பாருங்கோ" என்றான். சிவராசா உழவு இயந்திரத்தைக் குளத்துக்குள் இறக்கிக் கழுவிக்கொண்டு நிண்டான். அது பின்னால் இழுக்கிற பெட்டியைவிடத் தட்டையான இடம் இந்த ஊரில் இல்லை. ஏறி நிண்டு ஏத்தினன். நேராய் எழும்பினது. என்ர வயலை மேலிருந்து பார்த்தன் தம்பி, ஒரு பச்சைத் தாள் மாதிரிக் கிடக்குது. அதன் கரையில் யானை. யானை என்று நான் வாய் திறந்ததுதான், சிவராசா என்னையும் பெட்டியில் வைத்தபடி இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு வீடு வரைக்கும் நிற்கவில்லை. பற்றரி குறைய, ட்ரோன் தன்பாட்டில் ஏத்தின இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினது. குளம் இருந்தது, பெட்டி இல்லை. நாலு செட்டையிலும் ஒரு கீறல்கூட இல்லை. மற்றதை அரிசி மூட்டைக்குள் காய வைத்திருக்கிறன்.